தற்கொலைச் செய்தி: எதை எழுதுவது, எதை விடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில ஏடுகள் 'கமிட்டட் சூசைட்' என்று எழுதுவதைக் கைவிட்டு 'டைட் பை சூசைட்' என்று எழுதத் தொடங்கிச் சுமார் பத்தாண்டு ஆகிறது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் 2015இல் அந்த மாற்றத்தைச் செய்தது. அதைப் பின்பற்றித் தமிழிலும் 'தற்கொலை செய்துகொண்டார்' என்பதை நீக்கிவிட்டு 'தற்கொலையால் இறந்தார்' என்றுதான் எழுத வேண்டும் என்கிறார்கள் சிலர். வேறு சிலருக்கோ 'தற்கொலை' என்ற சொல்லே ஆகாது. 'விபரீத முடிவு' என்று போட்டுக் கடந்துவிடலாம் என்பது அவர்கள் கட்சி. தற்கொலைத் தடுப்புப் பணியிலும் செய்தி மேசையிலும் இருப்பவர்கள் சேர்ந்து எழுதும் கடிதம் இது. முதல் தரப்பு சொல்வதில் பாதி சரி. இரண்டாவது தரப்பு சொல்வது முழுக்கத் தவறு என்று நினைக்கிறோம்.

ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல்மீது கோபம் வந்ததற்கு வரலாறு உண்டு. 'சூசைட்' என்பது லத்தீன் வேர்களில் இருந்து கட்டப்பட்ட சொல். 'தன்னை', 'கொல்' என்ற இரண்டும் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பே சட்டத்தில் இருந்த பெயர் 'ஃபெலோ டி சே', அதாவது தனக்கே பாதகம் செய்த குற்றவாளி. அப்படித் தீர்ப்பானால் இறந்தவரின் உடைமை அரசுக்குப் போகும், தேவாலயக் கல்லறையில் முறைப்படி அடக்கம் கிடைக்காது. இங்கிலாந்தில் 1961இல் தனிச் சட்டம் வரும்வரை முயற்சி செய்து பிழைத்தவரும் குற்றவாளிதான். திருட்டு, கொலை ஆகியவற்றோடு வரும் 'கமிட்' என்ற வினை இதனோடும் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். முந்தைய ஆங்கில வழக்கில் 'எ சூசைட்' என்றால் செயலை மட்டுமல்லாமல் இறந்த ஆளையும் குறிக்கும். ஒரு மனிதரின் மொத்த வாழ்வையும் அவருடைய கடைசி நாளுக்குள் அடைத்துவிடும் வழக்கு அது. நல்லவேளை, தமிழில் அது இல்லை.

தமிழில் 'செய்துகொண்டார்' என்பதில் குற்றவாடை கிடையாது. கல்யாணமும் செய்துகொள்கிறோம், ஒப்பந்தமும் செய்துகொள்கிறோம். ஆகவே வினையைப் பிடித்து உலுக்குவதில் பயன் குறைவு. நம்மிடம் 'கொலை' பெயர்ச்சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதை எடுத்துவிட்டுப் புதிய சொல் படைத்தால் படிப்பவருக்கு என்ன செய்தி என்றே புரியாமல் போகும். 'மாரடைப்பால் இறந்தார்' என்று எழுதுவதுபோல 'தற்கொலையால் இறந்தார்' என்று எழுதினால், ஒரு சாவின் காரணத்தைச் சொன்னதாக அது நிற்கும். பழகிவிட்டால் இயல்பாகிவிடும். எழுதுங்கள், நல்லதுதான். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவே. இழுக்கு ஏற்படுத்துபவை 'தற்கொலை'யைச் சுற்றி நிற்கும் சொற்கள்.

'விபரீத முடிவு' என்பதையே எடுத்துக்கொள்வோம். தமிழில் 'முடிவு' என்றால் இறுதியும் உண்டு, தீர்மானமும் உண்டு. 'விபரீத முடிவு எடுத்தார்' என்று படிப்பவர், இருந்த வழிகளையெல்லாம் நிறுத்துப் பார்த்து ஒருவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்று எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தின் மனநிலை அப்படி இருப்பதில்லை. வேறு வழிகள் கண்ணில் படாத அளவுக்குப் பார்வை குறுகியிருக்கும். பெரும்பாலும் அந்த நெருக்கடியின் உச்சம் சில மணி நேரத்தில், சில சமயம் சில நிமிடங்களில், தணியக்கூடியது. தடுப்புப் பணி முழுவதும் நிற்பது அந்தச் சிறிய இடைவெளியை நம்பித்தான்.

'தற்கொலை' என்ற சொல்லை மறைப்பதால் இன்னொரு கேடும் உண்டு. வீட்டில் ஒருவர் தற்கொலையால் இறந்துபோனால், அந்தக் குடும்பம் அதைச் சொல்ல வாய்வராமல் தவிக்கிறது. செய்தித்தாளே அந்தச் சொல்லைக் கூசிக்கூசி எழுதினால் அவர்கள் எங்கே பேசுவார்கள்? யூடியூப் முகப்புப் படங்களில் நடுவே நட்சத்திரக் குறி போட்டு இந்தச் சொல்லைச் சிதைத்து எழுதும் பழக்கம் இப்போது செய்திச் சேனல்களுக்கும் பரவிவிட்டது. அது தளத்தின் கணக்கீட்டு முறைக்குப் பயந்து செய்வது. மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குறியைப் போட்டுவிட்டுக் கீழேயே எப்படி, எங்கே, எந்த நேரத்தில் என்று எல்லாவற்றையும் விளக்குகிறார்கள்.

'தீராத வயிற்று வலி' என்ற தொடரை உங்கள் துணை ஆசிரியர்கள் எத்தனையோ முறை தட்டச்சு செய்திருப்பார்கள். 'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த அவர், வாழ்க்கையில் வெறுப்படைந்து...' அது எங்கிருந்து வருகிறது? காவல் நிலையத்தில் உறவினர் கொடுக்கும் புகாரிலிருந்து. வீட்டுச் சண்டை, கடன், அடி உதை, குடி என்று எதையும் எழுத்தில் தர விரும்பாத குடும்பம் யாரையும் சிக்கவைக்காத ஒரு காரணத்தைச் சொல்கிறது. எழுதுகிறவருக்கும் அதுதான் சுலபம். நிருபர் அங்கிருந்து அப்படியே எடுத்துவருகிறார், மறுநாள் அச்சில் அது உண்மையாகிவிடுகிறது. இதில் இரண்டு பிழை. ஒன்று, காவல்துறைப் படிவத்துக்கு ஒரு மரணத்துக்கு ஒரு காரணம் போதும், ஆனால் தற்கொலை ஒற்றைக் காரணத்தால் நிகழ்வது அரிது. இரண்டு, வயிற்று வலியோடு வாழும் ஆயிரக்கணக்கானோர் அதைப் படிக்கிறார்கள். தேர்வில் தோற்றவர், கந்துவட்டிக்காரரிடம் மாட்டியவர், காதலில் ஏமாந்தவர் எல்லோருக்கும் இது பொருந்தும். தங்கள் நிலைமையில் இருந்த ஒருவர் என்ன செய்தார் என்று செய்தி அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

ஒரு மாதிரித் தலைப்பைப் பிரித்துப் பார்க்கலாம். எந்த ஏட்டிலிருந்தும் எடுத்ததல்ல, வாய்பாடு மட்டும் எல்லா ஏட்டுக்கும் பொது: 'தேர்வில் தோல்வி: பிளஸ் 2 மாணவி விபரீத முடிவு; பெற்றோர் கதறல்'. முதல் இரண்டு சொல் காரணத்தைத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. நடுவில் 'விபரீத முடிவு' என்ற மழுப்பல். கடைசியில் அழுகைக் காட்சி. அந்தக் கடைசிச் சொல்லில் தனிப்பட்ட ஆபத்து உண்டு. 'நான் போனால்தான் என் அருமை தெரியும்' என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு அது நிரூபணம்போலத் தெரியும். விசாரணை முடியாத நிலையில் இதையே 'பிளஸ் 2 மாணவி உயிரிழப்பு. போலீசார் விசாரணை' என்று போடலாம். செய்திக்குள் வயது, ஊர், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பவை போதும். தெருவும் வீட்டு எண்ணும் வேண்டாம். எப்படி இறந்தார் என்பது வேண்டவே வேண்டாம். எழுதி வைத்த கடிதம் இருந்தால், அதில் யார்மீதாவது குற்றச்சாட்டு இருக்கிறதா என்ற தகவல் மட்டும் விசாரணைச் செய்தியாகலாம், வாசகங்களைத் தர வேண்டாம். பள்ளிச் சீருடைப் படமும் வேண்டாம். தேர்வு முடிவைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'தேர்வு முடிவு குறித்து வருத்தத்தில் இருந்ததாகக் குடும்பத்தினர் கூறியுள்ளனர்' என்று சொன்னவர் யார் என்பதோடு எழுதுங்கள். அழுகைக்கு ஒதுக்கிய இடத்தில் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, மறுகூட்டலுக்கு எங்கே போவது என்று போடுங்கள். அதே வயதில் அதே தாளைப் படிக்கும் இன்னொரு பிள்ளைக்குத் தேவைப்படும் தகவல் அதுதான். 2017இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வில் முதலிடம் பிடித்தவர் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. தேர்வு நாள் செய்தியின் அழுத்தத்தை ஒரு சின்ன நிர்வாக முடிவே மாற்ற முடிந்ததற்கு நல்ல உதாரணம்.

இறந்தவருக்கான விகுதியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு இல்லாத சங்கடம் இது. தொழிலதிபர் 'இறந்தார்', கூலித் தொழிலாளியின் மகன் 'இறந்தான்'. பதினான்கு வயதானாலும் தினக்கூலியானாலும் 'ஆர்' விகுதியே இருக்கட்டும். 'பிணமாக மீட்பு' என்ற தலைப்புத் தொடரையும் எடுத்துவிடலாம். 'உடல் மீட்பு' என்றால் இடமும் மிச்சம். இறந்த பெண்ணின் பெயருக்கு முன்னால் 'கள்ளக்காதல்' என்று போடுவது, மறுத்துப் பேச முடியாதவர்மீது தீர்ப்பு எழுதுவது. பிழைத்தவர் விஷயத்தில் 'முயற்சி தோல்வி' என்று எழுதாதீர்கள். அப்படியானால் வெற்றி எது? 'முயன்றவருக்குச் சிகிச்சை' என்பதே சரி. எல்லாவற்றிலும் மோசமானது 'தற்கொலை நாடகம்'. முன்பு ஒருமுறை முயன்றிருப்பது, பின்னால் தற்கொலையால் இறக்கும் அபாயத்தைக் காட்டும் மிக வலுவான அறிகுறிகளில் ஒன்று. அதை நாடகம் என்று அச்சிட்டால், அடுத்த முறை அவர் வாய்விட்டுச் சொல்லும்போது வீட்டில் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள்.

பொருளே பிறழும் இடம் ஒன்றும் இருக்கிறது. 'இரு குழந்தைகளுடன் தாய் தற்கொலை', 'குடும்பமே தற்கொலை'. குழந்தை தற்கொலை செய்துகொள்ளவில்லை, கொல்லப்பட்டது. கொன்றவர் அதன்மீது உயிரையே வைத்திருந்த தாயாக இருந்தாலும் இந்த உண்மை மாறாது. ஐந்து வயதுப் பிள்ளை எதற்கும் சம்மதிக்கவில்லை. 'கொடூரத் தாய்' என்று மறுகோடிக்குப் போவதும் தவறு. 'தாய், இரு குழந்தைகள் உயிரிழப்பு' என்று தலைப்பிட்டு, உள்ளே காவல்துறை எந்தெந்தப் பிரிவில் வழக்குப் பதிந்தது என்று எழுதினால் போதும். விசாரணை முடியாத எந்த மரணத்திலும் இதே நிதானம் வேண்டும். திருமணமாகி ஏழாண்டுக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடப்பதே அது தற்கொலைதானா, தற்கொலையென்றாலும் யாராவது தூண்டினார்களா என்று பார்ப்பதற்காகத்தான். அதற்கு முன்பே தலைப்பில் 'தற்கொலை' என்று போட்டால் விசாரணையை ஏடு முடித்து வைத்ததாகிவிடும்.

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு வருபவர்களில் ஒருவர் வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயலுவதும், மறுநாள் 'பரபரப்பு' என்று படத்தோடு செய்தி வருவதும் வழக்கமாகிவிட்டது. அவர் கையில் இருந்த மனு என்ன ஆயிற்று? பட்டா மாறுதலா, வட்டிக் கொடுமையா, நில ஆக்கிரமிப்பா, எத்தனை முறை ஏறி இறங்கினார், எந்த மேசையில் நின்றது? செய்தியின் கடைசி வரியில்கூட அது இருப்பதில்லை. படம் மட்டும் பெரிதாக இருக்கிறது. இப்படிச் செய்தால்தான் அதிகாரி திரும்பிப் பார்ப்பார் என்று அடுத்த மனுதாரர் கற்றுக்கொள்வதும் அந்தப் படத்தில் இருந்துதான். முயற்சியை ஒரு வரியில் சொல்லிவிட்டு மனுவை நான்கு பத்தியில் எழுதுங்கள்.

சட்டச் சொற்களில் இருக்கும் குழப்பத்தால் உயிர்போகும் அபாயமே உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 309இன்படி தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது, ஓராண்டு வரை சிறை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 309க்கு இணையான பொதுப் பிரிவே கிடையாது. அரசு ஊழியரைக் கடமை செய்ய விடாமல் தடுக்கவோ நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயன்றால் மட்டும் பிரிவு 226 இருக்கிறது. (மேலே சொன்ன கலெக்டர் அலுவலக மனுதாரர்கள் அதில் சிக்கக்கூடும் என்பது தனிக் கவலை.) தூண்டுதல் எப்போதும்போலக் குற்றம்தான், இப்போது பிரிவு 108. இலங்கையில் 1998இலும், சிங்கப்பூரில் 2020இலும், மலேசியாவில் 2023இலும் முயற்சி குற்றப் பட்டியலில் இருந்து நீங்கிவிட்டது. அப்படியிருக்க, 'தற்கொலைக்கு முயன்றவர்மீது வழக்கு' என்ற வரி பழக்கதோஷத்தில் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? மருத்துவமனையில் ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு) போடுவதைப் பார்த்ததும் 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று பயந்து குடும்பம் மருத்துவரிடமே பொய் சொல்கிறது. அவருக்கு உண்மை தெரிவதற்குள் சிகிச்சைக்கான முக்கியமான நேரம் போய்விடுகிறது. அந்தப் பதிவு மருத்துவமனை நடைமுறை, பிழைத்தவரைத் தண்டிப்பதற்கானதல்ல என்று ஏடுகள் அவ்வப்போது எழுத வேண்டும்.

சொல்லை மாற்றினால் சாவு குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லை மட்டும் மாற்றினால் குறையாது. செய்தி தரும் முறையை மாற்றினால் குறைந்திருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிலிப்ஸ், முதல் பக்கத் தற்கொலைச் செய்திகளுக்குப் பின் தற்கொலைகள் கூடியதை 1974இல் காட்டினார். ஆஸ்திரியாவின் வியன்னாவில் சுரங்க ரயில் நிலையத் தற்கொலைகள் எண்பதுகளின் நடுவில் பரபரப்புச் செய்திகளாக வந்துகொண்டிருந்தன. தற்கொலைத் தடுப்பு வல்லுநர்கள் நெறிமுறை வகுத்துக் கொடுக்க, 1987 நடுவில் ஏடுகள் ஒப்புக்கொண்டு அடக்கி எழுதத் தொடங்கின. அந்த ஆண்டின் முதல் பாதியோடு ஒப்பிட்டால் இரண்டாம் பாதியில் அங்கே முயற்சிகளும் இறப்புகளும் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. அதே நாட்டில் 2010இல் வெளியான ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: தற்கொலை எண்ணம் வந்து அதிலிருந்து மீண்டவரைப் பற்றிய செய்திகளையொட்டித் தற்கொலைகள் குறைந்திருந்தன. அப்படிப்பட்ட செய்தி தமிழ் ஏடுகளில் எத்தனை வருகிறது? உலக சுகாதார நிறுவனம் ஊடகத்தினருக்கான வழிகாட்டியை 2000இல் வெளியிட்டு, 2023இல் மீண்டும் புதுப்பித்தது. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019 செப்டம்பரில் அதையே தழுவி நெறிமுறை அறிவித்தது. இடம், முறை, படம், பரபரப்புத் தலைப்பு கூடாது என்பவை அதில் தெளிவாகவே உள்ளன. ஆகவே நாங்கள் கேட்பது புதிய சலுகை ஒன்றுமில்லை.

எந்தச் செய்தி பெரிதாகிறது என்பதிலும் ஒரு கோணல் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். தமிழ்நாட்டில் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். குடும்பப் பிரச்சினை, நோய் என்று பதிவான இரண்டு காரணங்கள் மட்டுமே ஏறத்தாழப் பாதி. ஆனால் நம் தலைப்புகளை மட்டும் படிப்பவருக்கு இது மாணவர்களுக்கும் திரைத்துறையினருக்கும் காதலர்களுக்கும் நேர்வது என்றுதான் தோன்றும்.

பிற பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. கூட்டணி முறிந்தால் 'அரசியல் தற்கொலை', பேட்ஸ்மேன் தப்பாக ஓடினால் 'தற்கொலை ரன்' என்று எழுதுவதை நிறுத்தினால் மொழிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. உயிர்காப்புக் கருவிகளை விலக்க 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது தற்கொலை பற்றியது அல்ல, அதை அந்தச் சொல்லோடு கலக்க வேண்டாம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததைப் புறநானூறு பாடியிருக்கலாம், இன்றைய ஒரு மரணத்தைத் 'தியாகம்' என்றோ 'வீரச் சாவு' என்றோ எழுதும் உரிமையை அது தரவில்லை. ஆங்கிலத்தின் 'சூசைட் சர்வைவர்' இரண்டு பொருள் தரும், மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டும். சில இடத்தில் முயன்று பிழைத்தவர், சில இடத்தில் தற்கொலைக்கு உறவைப் பறிகொடுத்தவர். ஆய்வுச் செய்திகளில் இது மாறிப்போனால் கட்டுரையே தலைகீழாகிவிடும்.

கடைசியாக, செய்தியின் அடியில் வரும் உதவி எண் பெட்டி. 'தற்கொலை எதற்கும் தீர்வாகாது' என்ற வாசகம் துன்பத்தில் இருப்பவரை அதட்டுவதுபோல இருக்கிறது. 'மனம் தாங்க முடியாத நிலையில் இருந்தால் இப்போதே பேசுங்கள்' என்று மாற்றலாம். எழுத்து செய்தியின் எழுத்தளவிலேயே இருக்கட்டும். கண்ணாடி போட்டும் படிக்க முடியாத பொடி எழுத்தில் போடுவது கணக்குக் காட்டுவதற்குத்தான். இணையத்தில் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்படி வையுங்கள். செய்தியை வாட்ஸ்அப் அட்டையாக வெட்டும்போது முதலில் உதிர்வது இந்தப் பெட்டிதான், அட்டைக்குள்ளேயே அதைச் சேர்த்துவிட வேண்டும். எண்கள் மாறக்கூடியவை என்பதால் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் அழைத்துச் சரிபார்க்கட்டும். இப்போதைக்குப் போட வேண்டியவை: தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104; 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய, கட்டணமில்லாத மத்திய அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416; சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பு சினேகா 044-24640050. இலங்கைப் பதிப்புக்குத் தேசிய மனநல உதவி எண் 1926, சிங்கப்பூர் வாசகர்களுக்கு 1767.

இவற்றை ஒரு பக்கத்தில் அச்சடித்துத் தாலுகா நிருபர்கள் வரை அனுப்பினால் நல்லது. காவல் நிலையத்தில் இருந்து முதல் வரியை எழுதி அனுப்புகிறவர் அவர்தான். இரவுப் பதினொரு மணிக்குப் பக்கம் முடிக்கும் துணை ஆசிரியருக்கு அதைத் திருத்த நேரம் இருப்பதில்லை.

இப்படிக்கு,
தற்கொலைத் தடுப்புத் தன்னார்வலர்களும் செய்தி மேசைப் பணியாளர்களும்,
திருச்சி